கரித்தீயும் மின்தீயும்

உண்டி சமைத்தற்கும், இருள் நீக்குதற்கும், குளிர் போக்குதற்கும் மக்கள் நெருப்பினைத் துணைக்கொண்டு வாழ்ந்து வருகின்றனர். இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் எந்நாட்டார்க்கும் பொது. மூன்றாவதன் அருமையை நம்மனோர் முற்றும் அறியார். வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் நாட்டிற் பிறந்த நமக்குத் தீயை நாடி அமர்தல் என்பது மார்கழி விடியலிற் சருகு கூட்டிக் குளிர்காயும் சிறு பொழுதோடு முடிந்துவிடுகின்றது. ஆயினும் பழந்தமிழ்ப் புலவர் இதனை அறியாதாரல்லர். நெடுநல்வாடையில் நக்கீரர், கூதிர்க் காலத்து மழைத் துவலையில் நனைந்த கோவலர் கொள்ளி ஏந்திக் கைகாய்ந்தும் நடுங்குதலையும், நகர மாந்தர் தண்ணீரை வெறுத்து அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பினை விரும்புதலையும் நம் கண்முன் நிறுத்துகின்றார். தடவு என்பது நெருப்பிடும் கலம். பிற்காலத்தார் அதனைக் கணப்பு என வழங்குவர். அச்சொல்லையே ஆங்கில நாட்டு இல்லங்களிற் சுவரை ஒட்டிப் புகைபோக்கியோடு அமைக்கப்படும் தீயிடத்திற்கும் ஈண்டு ஆள்கின்றோம்.

இப்பொருளை யாம் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒரு மடல். பல்லாண்டுகட்கு முன்னர் இக்கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர்த் தம் நாடாகிய இங்கிலாந்தின் வடபாலுள்ள டர்ஹாம் பகுதிக்குச் சென்று தங்கியிருக்கும் அம்மையார் ஒருவர், தம் பழைய மாணவரும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியருமாகிய பெரியார்க்கு எழுதியது அது. பேராசிரியர் அதனை எம் தமிழ் மன்றக் கூட்டத்திற் படித்துக் காட்டினார்.

அம்மையார்க்கு அகவை எண்பதைக் கடந்துவிட்டது. அவருடைய தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத் தொழிலாளர்க்கு ஊதியத்தோடு நிலக்கரியும் சலுகையாக அளிக்கும் வழக்கம் அந்நாட்டில் இருந்தமையால், அவ்வில்லத்துக் கணப்பு குளிர்காலத்தில் அணைந்ததே இல்லையாம். இப்பொழுதோ கரிக்கூடையைத் தூக்க அவர் கைகட்கு வலியில்லை, மூச்சும் திணறுகின்றது. கரித்தீயை விட்டொழிக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். உடன்பிறந்தாருடைய மகன் வந்து பழைய கணப்பை ஒழித்து, அவ்விடத்தே, கரி கனன்று சுடர் எழுவது போலவே தோன்றும் மின்சாரக் கணப்பு ஒன்றனை அமைத்துத் தந்தான். முதல் நாள் மாலை அம்மையார் பழக்கத்தால் அச்சுடரை நோக்கிக் கைகளை நீட்டினாராம். கைகட்குச் சூடு எட்டவில்லை; காலடியில் வெங்காற்று வீசிற்று. தாம் செய்தது தக்கதோ, தந்தையின் தீயை விற்று ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கிவிட்டோமோ என்று உள்ளம் உறுத்துவதாக எழுதி, இதுபற்றி உம் மாணவர் யாது நினைப்பர் என்றும் கேட்டிருந்தார்.

மன்றத்தார் இரு கூறாயினர். ஒருசாரார் அதனைப் பொய்த்தீ என்று இகழ்ந்தனர். மற்றொரு சாரார், உயிரினும் தீப் பெரிதோ என வினாவினர். மணியடிக்கவே கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. அன்று கூறாது விட்ட விடையை ஈண்டு எழுத முயல்கின்றோம்.

ஒன்றுபோல் மற்றொன்று உளது என்னும்பொழுது அவ்வொப்புமை எவ்வகையால் என ஆராய்தல் வேண்டும். அதற்குரிய அளவுகோலைத் தொல்காப்பியனார் உவமவியலில் வகுத்து வைத்துள்ளார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் ஒன்றானும் பலவானும் ஒப்புமை தோன்றும் என்பது அவர் கருத்து. வினை தொழில்; பயன் அத்தொழிலால் விளைவது; மெய் வடிவு; உரு நிறம். மின்தீ கரித்தீயை எவ்வெவ்வகையால் ஒக்கும், எவ்வெவ்வகையால் ஒவ்வாது என்பதனை இந்நான்கானும் அளந்து காண்போம். அதற்குமுன் கரித்தீயின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

கரித்தீ வந்த வழி

விறகு குறைந்த காலத்து இலண்டன் மாநகரத்தார் கடல்வழி வந்த நிலக்கரியை எரிக்கத் தலைப்பட்டனர். அதன் புகை பொறாது 1306-ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னர் அதனைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். ஆணை நிலைக்கவில்லை, குளிர் வென்றது. 1661-இல் ஜான் ஈவ்லின் என்பார் இலண்டன் புகையின் தீமையை விரித்து ஒரு நூலே இயற்றினார். அடுத்த ஆண்டில் அரசாங்கத்தார் கணப்பு ஒன்றுக்கு ஆண்டிற்கு இரண்டு ஷில்லிங் வீதம் வரி விதித்தனர். மக்கள் பெரிதும் வெறுத்த அவ்வரி 1689-இல் ஒழிந்தது.

புகைபோக்கிகள் ஒடுங்கி வளைந்து அமைந்தமையின், அவற்றின் உட்புறத்து ஒட்டிய புகைக்கரியைச் சுரண்டுதற்குச் சிறுவரை உள்ளே ஏற்றும் கொடுமை எழுந்தது. அச்சிறுவர்க்கு வளர்ந்தபின் நேரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று பெர்சிவால் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775-இல் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோயை உலகிற்கு முதன்முதற் காட்டியவர் அவரே என்பர். பன்முறை சட்டங்கள் இயற்றப்பட்டும் பயனில்லை. 1875-இல் ஒரு சிறுவன் புகைபோக்கியினுள் அகப்பட்டு மாண்டபின், ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம் அக்கொடுமைக்கு முடிவு கண்டது. சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குருவானவர் 1863-இல் வெளியிட்ட ‘நீர்க் குழந்தைகள்’ என்னும் கதையின் தலைமகனும் புகைபோக்கி ஏறும் சிறுவனே.

யாவற்றினும் பெருங்கேடு 1952-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் முதல் 9-ஆம் நாள் வரை இலண்டனைக் கவிந்த நச்சுப் பனிப்புகை. இல்லக் கணப்புகளின் புகையும் ஆலைப்புகையும் பனியோடு கலந்து நகரின்மீது அசையாது நின்றன. அதனால் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று அந்நாளிற் கணக்கிட்டனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் 12,000 வரையிலும் இருக்கலாம் என்பர். இதன் பயனாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகையற்ற வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. கணப்புகளை மாற்றிக்கொள்வார்க்குப் பொருளுதவியும் அளிக்கப்பட்டது. நம் காலத்தில் இங்கிலாந்தில் வீட்டுக்குரிய புகைமிக்க நிலக்கரியைப் பையிலிட்டு விற்றல் 2021-ஆம் ஆண்டு மே முதல் நாளினும், குவியலாக விற்றல் 2023-ஆம் ஆண்டு மே முதல் நாளினும் தடைப்பட்டன. புகை குறைந்த கரிக்கட்டிகளே இன்று அங்கு எரிக்கத்தக்கன. ஆதலின் அம்மையார் இழந்ததாக வருந்தும் தந்தையின் கரி, மருத்துவர் சொல்லுதற்கு முன்னரே கடைத்தெருவை விட்டு நீங்கிவிட்டது என்பது உணரத்தக்கது.

உரு

இனி நிறத்தை நோக்குவோம். கரித்தீயின் மஞ்சள் நிறம் எங்ஙனம் உண்டாகின்றது? மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானி சிறுவர்க்கு நிகழ்த்தி 1861-இல் நூலாக வெளிவந்த மெழுகுதிரி பற்றிய விரிவுரைகளில் இதனை எளிதின் விளக்கினார். சுடரினுள் முற்றும் எரியாத கரித்துகள்கள் மிதந்து, வெப்பத்தாற் கனன்று ஒளி வீசுகின்றன. அவ்வொளியே சுடரின் பொன்னிறம். அத்துகள்கள் எரியாது வெளியேறின், அவையே புகைக்கரியாகும். ஆதலின் கணப்பின் முன் அமர்ந்து நாம் வியக்கும் அழகும், புகைபோக்கியில் ஒட்டி நுரையீரலிற் படியும் அழுக்கும் ஒரு பொருளின் இரு நிலைகளேயாம். கரித்தீயின் நிறத்தை வைத்துக்கொண்டு அதன் கரியை மட்டும் விலக்குதல் எரிதலாகிய தொழிலால் அரிது.

மின்தீ அந்நிறத்தை எரிதலின்றியே காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் செய்யப்பட்ட மின்கணப்புகளில் சிவப்பு மின்விளக்கின்மேல் மெல்லிய தகட்டாலான சிறு காற்றாடி ஒன்று ஊசிமுனையில் நிறுத்தப்பட்டிருக்கும். விளக்கின் சூட்டால் மேலெழும் காற்று அதனைச் சுழற்றும். அதன் நிழல், கரிபோற் செய்த கண்ணாடிக் கட்டிகளின்மேல் ஓடித் தீ நடுங்குவது போலக் காட்டும். நம் சிறார் பனையோலைக் காற்றாடி செய்து விளையாடும் இயல்பே ஈண்டும் தொழிற்படுகின்றது. இக்காலத்துக் கணப்புகளில் எல்.ஈ.டி. விளக்கொளி, பளபளக்கும் தகடுகள் பதித்துச் சிறு மோட்டாராற் சுழலும் தண்டின்மேல் விழுந்து சிதறி, பின்னுள்ள மங்கிய திரையிற் சுடராய் எழுகின்றது. வேறு சிலவற்றில், செவிக்கு எட்டாத ஒலியதிர்வால் நீரை நுண்ணிய ஆவித்திவலையாக்கி மேலெழுப்பி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுவர். ஆவி அலைந்து எழுதலின் அச்சுடர் திரையிலன்றி வெளியிலேயே நிற்பது போலத் தோன்றும். நீரே நெருப்பின் வேடம் பூணும் இவ்விந்தை முரணணிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாம். எனவே, உருவால் ஒப்புமை பெரிதும் உண்டு.

மெய்

வடிவும் ஏறத்தாழ ஒக்கும். கரிக்கட்டிகளையே அச்சாகக்கொண்டு வார்த்த கட்டிகளை இரும்புத் தட்டியில் அடுக்கிக் கீழிருந்து செவ்வொளி ஊட்டுவர். ஆனால் உண்மைக் கரி எரிய எரிய இடிந்து விழும். குகை போன்ற வெளிகள் அதனுள் தோன்றி மறையும். ஒரு நொடியிற் கண்ட வடிவு மறுநொடியில் இராது. அதனுட் கோட்டைகளையும் முகங்களையும் கண்டு மகிழ்தல் அந்நாட்டுச் சிறார்க்கு இயல்பு. வார்த்த கட்டியோ மாறாது. சுடர் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வகையாய் அசையும். சிறிது பொழுது உற்று நோக்குவார்க்கு அவ்வட்டம் புலப்படும். மாறாமையே மின்தீயின் வடிவிலுள்ள குறை. சாம்பல் அள்ளுதலும், விடியலிற் குளிர்ந்த கையோடு மறுபடி தீ மூட்டுதலும் இல்லாமையோ அம்மாறாமையால் வந்த நன்மை. முதியார் ஒருவர்க்கு இவற்றுள் எது பெரிது என்பதனை யாம் எடுத்துரைத்தல் வேண்டா.

வினை

தொழிலில்தான் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. அம்மையாரின் கைகள் ஏமாந்ததற்குக் காரணமும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது.

கரித்தீ அறையை வெப்பமாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சால் ஆகும். ஞாயிற்றின் கதிர் இடையிலுள்ள வெளியைக் கடந்து நம் மேனியைச் சுடுவது போலக் கனலின் கதிர், எதிரே அமர்ந்தார்மீது நேரே பாய்கின்றது. ஆதலின் முகம் வெதும்பும், முதுகு குளிரும். கனலின்மேற் பட்டுச் சூடேறிய காற்றோ அறைக்குள் வாராது புகைபோக்கி வழியே விண்ணிற் சென்றுவிடும். அதன் இடத்தை நிரப்பக் கதவிடுக்குகளினூடே வெளிக்குளிர் உட்புகும். இங்ஙனம் கணப்பு தான் போக்கவந்த குளிரைத் தானே அழைத்து வருகின்றது. இக்குறையைக் குறைத்தற்கு ரம்போர்டுப் பிரபு 1796-இல் ஒரு வழி கண்டார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கி, கணப்பின் பக்கச் சுவர்களை அறையை நோக்கிச் சாய்வாக அமைத்தால், புகை தடையின்றி மேலேறுதலோடு கதிர்வீச்சும் அறைக்கு மிகும் என்று காட்டினார்.

மின்கணப்பின் தொழில் வேறு. மின்னோட்டம் ஒரு கம்பியிற் செல்லுங்கால், அதன் தடையால் வெப்பம் பிறக்கும் என்பதனையும், மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும் என்பதனையும் ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1841-இல் நிறுவினார். கம்பி செந்நிறமாகக் கனன்றும் உருகாமலும் துருப்பிடித்து அழியாமலும் இருத்தல் வேண்டுமே! நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் கலவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பாராற் காணப்பட்ட பின்னரே மின்கணப்பு மக்கள் வாழ்க்கைக்குப் பயன்படும் பொருளாயிற்று. இக்காலத்து மின்கணப்புகள் பலவற்றில் இக்கம்பி கண்ணிற் படாதவாறு மேலோ கீழோ மறைந்திருக்கும். சிறு விசிறி ஒன்று அதன் சூட்டைக் காற்றாக்கி அறையிற் செலுத்தும்.

ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது. கரித்தீயில் ஒளியும் வெப்பமும் ஒரே கனலில் உடன்பிறந்தன. ஒன்றை விட்டு ஒன்று நீங்கா. மின்கணப்பிலோ ஒளிக்கு ஒரு கருவி, வெப்பத்திற்கு மற்றொரு கருவி. இரண்டும் ஒரு கூட்டினுள் வைக்கப்பட்ட அயலாரே. சுடரை மட்டும் எரியவிட்டுக் கோடையிலும் கண்டு மகிழலாம். அதற்கு ஆகும் மின்சாரம் மிகச் சிறிது. வெப்பத்தை மட்டும் தனித்துப் பெறுதற்கும் சிலவற்றில் இடமுண்டு. எனவே சுடரை நோக்கி நீட்டிய கை சூடு பெறாதது, அக்கணப்பின் பழுதும் அன்று. அம்மையாரின் பேதைமையும் அன்று. எண்பது ஆண்டுகளாக ஒன்றாயிருந்த இரண்டும் பிரிந்துவிட்டன என்பதனைக் கை இன்னும் கற்கவில்லை. அவ்வளவே.

பயன்

பயனைக் கணக்கிட்டுக் காண்போம். ஒரு கிலோ நல்ல நிலக்கரியில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரத்திற்கு ஒப்பாகும். திறந்த கணப்பில் அதன் காற்பங்களவே அறைக்குப் பயன்படும் எனக் கொள்வோம். எஞ்சியது புகைபோக்கி வழியே போகின்றது. எனவே ஒரு கிலோ கரி அறைக்குத் தருவது 2 யூனிட். இரண்டு கிலோவாட் மின்கணப்பு ஒரு மணிநேரம் எரியின் செலவாவதும் 2 யூனிட்டே. அஃது எள்ளளவும் வெளியே போகாது முற்றும் அறையிலேயே வெப்பமாகின்றது. மாலை 5 மணிநேரம் குளிர்காய ஒருவர்க்கு வேண்டுவது ஐந்து கிலோ கரி, அல்லது பத்து யூனிட் மின்சாரம். ஐந்து கிலோவை நாள்தோறும் சுமந்து, அதன் சாம்பலையும் சுமந்து புறத்தே கொட்டுதல் எண்பது அகவையார்க்குச் சிறு செயலன்று.

அஃதேல் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். நல்ல வினா. 1882-இல் இலண்டனில் ஹோல்பர்ன் வயடக்ட் என்னுமிடத்திற் பொதுமக்களுக்கென மின்னிலையம் தோன்றியபொழுது அது கரியாலேயே இயங்கிற்று. அதன்பின் நெடுங்காலம் கரிமின்னிலையங்களே அந்நாட்டில் மிக்கிருந்தன. அவற்றிற் கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாயிற்று. ஆதலின் அந்நாளில் மின்தீயை மூட்டினோர் புகையை ஒழித்தாரல்லர். தம் வீட்டுப் புகையை மற்றோர் ஊருக்கு அனுப்பினர் என்றே சொல்லல் வேண்டும். ஆனால் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ராட்கிளிப் மின்னிலையம் மூடப்பட்டதோடு பிரிட்டனிற் கரியால் மின்சாரம் எடுத்தல் நின்றுவிட்டது. காற்றாலையும், இயற்கை வாயுவும், அணு உலையும், பிறவும் இன்று அவ்விடத்தை நிரப்புகின்றன. வாயுவும் எரிபொருளே யாதலின் மின்தீ முற்றும் மாசற்றது எனல் பொருந்தாது. ஆயினும் அம்மையாரின் மூச்சிற் கலக்கும் புகை அதனால் இல்லை.

மறுதலையாகக் கூறத்தக்கனவும் உள. அந்நாட்டில் ஒரு யூனிட் வெப்பத்தை மின்சாரத்தாற் பெறுதற்கு ஆகும் விலை, வாயுவாற் பெறுதற்கு ஆவதினும் பன்மடங்கு மிகுதி. ஆதலின் முழு இல்லத்தையும் மின்கணப்பால் வெப்பமாக்குதல் சிக்கனமன்று. ஓர் அறையில் ஒருவர் அமரும் பொழுதிற்கே அஃது ஏற்றது. மேலும் மின்சாரம் நின்றால் மின்தீயும் நிற்கும். 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26, 27 ஆகிய நாட்களில் ஆர்வென் என்னும் புயல் இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியையும் தாக்கியபொழுது, சில இல்லங்கள் ஒரு வாரத்திற்கு மேலும் மின்சாரமின்றி இருந்தன. அந்நாட்களிற் கரிக்கணப்பு உடையாரே குளிர்காய்ந்தனர். இஃது எளிதாகத் தள்ளத்தக்க வாதமன்று. மின்தீயை மேற்கொள்வார் போர்வைகளையும் அயலாரது நட்பையும் முன்னரே தேடிவைத்தல் அறிவுடைமை.

இனிப் பயன்களுள் அளவையால் அளக்கலாகாதது ஒன்று உண்டு. இலத்தீன் மொழியில் கணப்பிற்குப் பெயர் ‘போக்கஸ்’. ஒளிக்கதிர்கள் ஒருங்கு கூடும் புள்ளிக்குப் பெயர் வேண்டிய கெப்ளர் என்னும் வானநூலார் 1604-இல் இச்சொல்லையே எடுத்தாண்டார். கதிர்கள் கூடுமிடம் கணப்பு. குடும்பம் கூடுமிடமும் கணப்பு. ஜார்ஜ் ஆர்வெல் என்னும் எழுத்தாளர் 1945-ஆம் ஆண்டு டிசம்பரில், திறந்த கணப்பின் சார்பாக ஒரு கட்டுரை வரைந்தார். கரித்தீ அறையின் ஒரு முனையை மட்டுமே வெப்பமாக்குவதாகிய குறையே, வீட்டாரை ஒருங்கு நெருங்கி அமரச்செய்யும் குணமாகின்றது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. மின்தீயால் இப்பயன் கிட்டுமோ? வெங்காற்று அறை முழுதும் பரவுதலின் நெருங்கி அமர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆனால் கண் ஒன்றனை நாடுகின்றது. அசையும் ஒளி எங்குளதோ அங்கு நாற்காலிகள் திரும்புகின்றன. சுடர் காட்டாத வெப்பக்கருவியைச் சுற்றி அமர்ந்து கதை பேசுவாரை யாம் கேட்டதில்லை. எனவே வெறும் கண்மயக்கு என்று இகழப்படும் அச்சுடரே, கூட்டுதலாகிய பயனை ஒருவாறு காத்து நிற்பது என்க.

மாற்றுங்கால் கருதத்தக்கன

கணப்பை மாற்றுவார் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, புகைபோக்கியைத் துடைப்பித்தபின்னரே மூடுதல் வேண்டும். எஞ்சிய புகைக்கரி ஈரங்கொண்டு நாறும், சுவரிற் கறையாகப் படரும். இரண்டாவது, மழைநீர் இறங்காதவாறு மேல்வாயிற்கு மூடியிடுங்கால், காற்று உலவச் சிறு வழியை மேலும் கீழும் விடுதல் வேண்டும். முற்றும் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும். மூன்றாவது, பழைய கணப்பின் பின்புறத்து வெந்நீர்க் கொதிகலம் இருக்குமாயின், அதனை நீர் வடித்து முறையாக ஒழித்தல் வேண்டும். நீரோடு அடைபட்ட கொதிகலத்தின்முன் பின்னொருநாள் எவரேனும் தீ மூட்டின் அது வெடித்து உயிர்க்கு ஊறு செய்யும். நான்காவது, புகைபோக்கிச் சுவர் மேல்மாடத்துப் பாரத்தையும் தாங்குவதாக இருக்கலாம். தேவையில்லை என்று அதனை இடித்துவிடலாகாது. ஐந்தாவது, இரண்டு கிலோவாட் கருவிக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் செல்லுமாதலின், அதனைச் சுவரிலுள்ள செருகிடத்தில் நேரே பொருத்துதல் வேண்டும். நீட்டிப்புக் கம்பிகளில் மாட்டுதலும், வெங்காற்று வரும் வாயில் ஈரத்துணி உலர்த்துதலும் தீங்கு தரும். போலித் தீயால் உண்மைத் தீ பிறத்தல் கூடுமன்றோ!

முடிவுரை

இனி, மன்றத்தில் எழுந்த பெருவினாவிற்கு வருவோம். இது பொய்த்தீயா? நம் அணிநூலார் உவமையையும் மயக்கத்தையும் வேறு பிரித்துக் கூறுவர். ஒரு பொருளை மற்றொரு பொருளாகவே பிறழ உணர்தல் மயக்கம். இப்பொருள் அப்பொருளைப் போன்றது என்று தெரிந்தே கூறுதல் உவமை. ‘பொன்போன்ற மேனி’ என்பாரை எவரும் பொய்யர் என்னார். ‘போன்ற’ என்னும் உருபு அவரைக் காக்கின்றது. பித்தளையைப் பொன் என்று விற்பவனையோ உலகம் பொய்யன் என்கின்றது. மின்தீயை வாங்குவார் அதனைக் கரித்தீ என்று எண்ணி வாங்குவதில்லை. விசையைத் தம் கையாலேயே தட்டி மூட்டுகின்றனர். ஆதலின் அஃது உவமையே, பொய்யன்று. உரு, மெய் என்னும் இரண்டானும் அது கரித்தீயைப் பெரிதும் ஒக்கும், வினையால் ஒவ்வாது, பயனாற் சிலவற்றில் மிகும், சிலவற்றிற் குறையும். இதுவே எம் ஆராய்ச்சியின் முடிபு.

ஆயினும் ஒன்று கூறாது விடலாகாது. அம்மையார் துறந்தது கரியின் வெப்பத்தை மட்டுமன்று. நிலத்தின் அடியிற் குனிந்து அதனை வெட்டிய தந்தையின் உழைப்பு, மாலைதோறும் அவ்வில்லத்திற் கனன்றது. அக்கனலை எந்தக் கருவியும் மீட்டுத் தாராது. தருவதாக எந்த நல்லறிவாளனும் சொல்லான். பிரிட்டனில் ஆழ்சுரங்கங்களுள் எஞ்சிநின்ற கெல்லிங்லி 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. அத்தொழிலே மறைந்தபின் அதன் தீயை மட்டும் ஒரு முதியவரின் நுரையீரலில் எரியவிடுதல் தந்தைக்குச் செய்யும் சிறப்பாகாது. மகள் நெடிது மூச்சுவிட்டு வாழ்தலையே எந்தத் தந்தையும் விரும்புவார்.

மடலின் இறுதியில் அம்மையார் எழுதிய ஒரு செய்தியை அன்று மன்றத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. பழைய கிளறுகோலை எறிய மனமின்றி மின்கணப்பின் பக்கத்திலேயே சார்த்தி வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை மாலைகளில் வந்து அமரும் அயல்வீட்டு மூதாட்டியார், பேச்சின் இடையே மறதியாய் அதனை எடுத்துத் தீயைக் கிளறப் போவாராம். உடனே இருவரும் சிரித்துவிடுவராம். எம் வினாவிற்கு விடை அச்சிரிப்பிலேயே உளது. மயங்கினார் சிரிப்பதில்லை, ஒப்புமையை உணர்ந்தாரே சிரிக்கின்றனர். கிளற வேண்டாத தீயின்முன் கிளறுகோலும், இரண்டு நாற்காலிகளும், பேச வந்த தோழியும் அம்மையார்க்கு இன்னும் உள. அவர் செய்தது தக்கதே என்று மன்றத்தின் சார்பில் எழுதி, இக்கட்டுரையின் படி ஒன்றனையும் உடன் விடுக்கின்றோம்.